உப்பும் சர்க்கரையும் சேர்ந்து திறக்கும் வாசல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அறிவியலாக ஏதாவது பேச வேண்டும், ஆனால் வணிகவியலும் தமிழும் படித்தவர்களுக்கும் புரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் உயிரியல் புத்தகத்தில் முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடும் ஒரு சாதாரண விஷயத்தை எடுத்துக்கொண்டேன். செல் சவ்வு. நம் விலங்கியல் மாணவர்களுக்கு அது ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி. "படம் வரைந்து பாகங்களைக் குறி." தலையும் இரண்டு வாலுமாக வரிசை வரிசையாக வரைவோம், நடுவில் இரண்டு உருளைக்கிழங்கு மாதிரி புரதம் போடுவோம், மார்க் வாங்குவோம், மறந்துவிடுவோம். அந்தப் படத்தில் இருக்கிற ஒரே ஒரு உருளைக்கிழங்கு எத்தனை லட்சம் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் சவ்வு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. எவ்வளவு மெல்லியது? ஏறக்குறைய 7 அல்லது 8 நானோமீட்டர். இப்படிச் சொன்னால் புரியாது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலரின் ஒரு தாள் அளவு கனம் வேண்டுமானால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அவ்வளவு மெல்லியது.

இந்தச் சவ்வு கொழுப்பால் ஆனது. பாஸ்போலிப்பிடு என்பார்கள். அதன் தலைக்குத் தண்ணீர் என்றால் பிரியம். வால்களுக்குத் தண்ணீர் ஆகாது. உடம்பிலோ உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். என்ன செய்வது? இரண்டு வரிசையாக நின்று, வால்களை நடுவில் ஒளித்துக்கொண்டு, தலைகளை இரண்டு பக்கமும் தண்ணீரை நோக்கி வைத்துக்கொள்கின்றன. 1925-இல் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் கார்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீர்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல அது இரண்டு மடங்கு இருந்தது. அப்படியானால் உறை இரட்டை அடுக்கு என்று முடிவு கட்டினார்கள். 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், இது அசையாத சுவர் அல்ல, கொழுப்புக் குளத்தில் புரதங்கள் மிதந்துகொண்டிருக்கின்றன என்றார்கள். அதுதான் நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஃப்ளூயிட் மொசைக் மாடல்.

சவ்வு உயிரோடு இருக்கிறவரை காவல் காக்கும். நம்பாதவர்கள் வீட்டில் பீட்ரூட்டை நறுக்கிக் கழுவி, ஒரு துண்டைப் பச்சைத் தண்ணீரிலும் இன்னொரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரிலும் போட்டுப் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் லேசாகத்தான் நிறம் இறங்கும். கொதிநீரில் தண்ணீரே ரத்தச் சிவப்பாகிவிடும். வெந்நீர் சவ்வைக் குலைத்துவிட்டது. உள்ளே இருந்த சாயம் வெளியே வந்துவிட்டது. அவ்வளவுதான்.

சரி, காவல் இருந்தால் போக்குவரத்து எப்படி? ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு போன்ற சிறிய வாயுக்கள் கொழுப்பைக் கரைந்து தாண்டிப் போய்விடும். அவற்றைக் கேட்பார் கிடையாது. ஆனால் உப்பில் இருக்கிற சோடியம் மின்னூட்டம் உள்ளது. கொழுப்புக்குள் நுழைய முடியாது. சர்க்கரையான குளுக்கோஸ் பெரியது, தண்ணீரில் கரைவது. அதுவும் நுழைய முடியாது. இவற்றுக்கெல்லாம் புரதங்கள்தான் வாசல். தண்ணீர் மட்டும் எங்கே உப்பும் சர்க்கரையும் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அதுதான் சவ்வூடு பரவல். பாத்திரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. உப்பு இழுத்தது, மாங்காய்க்குள் இருந்த நீர் வந்தது. தண்ணீருக்கென்றே தனி வாசல்களும் உண்டு. பீட்டர் ஆக்ரே 1992-இல் அடையாளம் கண்ட அக்வாபோரின் என்ற புரதம் அது. ஒரே ஒரு வாசல் வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் போகின்றன. அதற்காக அவருக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பில் தண்ணீரைத் தனியாக இழுத்துவரும் பம்ப் கிடையாது. உப்பை நகர்த்தினால் தண்ணீர் பின்னாலேயே வரும். இனி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

உப்பை நகர்த்துவது யார்? அதற்கு ஒரு பம்ப் இருக்கிறது. டென்மார்க் நாட்டின் யென்ஸ் ஸ்கூ 1957-இல் நண்டின் நரம்பை ஆராய்ந்து இதைக் கண்டார். நாற்பது வருடம் கழித்து, 1997-இல் நோபல் பரிசு வந்தது. இந்தப் பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. சும்மா செய்யாது, ஏ.டி.பி. என்ற எரிபொருளைச் செலவு செய்துதான் செய்யும். நாம் எல்லோரும் இப்படி உட்கார்ந்துகொண்டு பேச்சுக் கேட்கிற நேரத்திலும், உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்தப் பம்புக்கே போகிறது. விளைவு? செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. வெளியே அதிகம். மாடித் தொட்டியில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி வைத்த மாதிரி. குழாயைத் திறந்தால் கீழே பாயக் காத்துக்கொண்டிருக்கும்.

இப்போது சிறுகுடலுக்கு வாருங்கள். குடலின் உட்சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. எஸ்.ஜி.எல்.டி.-1 என்று பெயர். நம் பஸ் ஸ்டாண்டுகளில் மூணு பேர் ஏறினாத்தான் கிளம்புவேன் என்று நிற்கிற ஷேர் ஆட்டோ உண்டல்லவா? அந்த ரகம். இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ், மூன்றும் ஏறினால்தான் வண்டி உள்ளே போகும். கீழே பாயத் துடிக்கும் சோடியம்தான் இதற்குப் பெட்ரோல். குளுக்கோஸ் கூடவே தொற்றிக்கொண்டு போகிறது. உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் பம்ப் ரத்தத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. உப்பும் சர்க்கரையும் போன வழியே தண்ணீரும் போய்விடும். குடலில் சோடியமும் குளுக்கோஸும் இப்படி ஜோடி சேர்ந்து போகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலார் 1960 ஆகஸ்ட்டில் பிராக் நகரக் கூட்டம் ஒன்றில் வெளியிட்டார். அவர் காலராவைப் பற்றி யோசித்தவர் அல்லர். குடல் எப்படிச் சர்க்கரையை உறிஞ்சுகிறது என்ற ஒரே கேள்விதான் அவருக்கு.

காலராவைப் பற்றி யோசித்தவர் வேறு ஊரில் இருந்தார். கல்கத்தாவில் சம்பு நாத் டே. காலராக் கிருமி குடலை அரித்துப் புண்ணாக்குவதில்லை, ஒரு நச்சுப் பொருளைச் சுரக்கிறது, அந்த நச்சுதான் குடலுக்குள் நீரைக் கொட்டவைக்கிறது என்று முயல்களின் குடலில் சோதனை செய்து 1959-இல் நேச்சர் இதழில் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்த நச்சின் வேலையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். நச்சு செல்லுக்குள் ஒரு சுவிட்சை 'ஆன்' செய்து அப்படியே விட்டுவிடுகிறது. குளோரைடு வெளியேறும் வாசல் திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. சோடியம் பின்னால் ஓடுகிறது. தண்ணீர் அதன் பின்னால் ஓடுகிறது. வழக்கமாக உப்பை உறிஞ்சும் இன்னொரு வாசலையும் நச்சு அடைத்துவிடுகிறது.

சாதாரண நாளில், நாம் குடிப்பதும் உடம்பே சுரப்பதுமாகச் சேர்ந்து தினம் 8, 9 லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. அவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, 100, 200 மில்லிதான் மலத்தில் விடுகிறது. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்கூடப் போய்விடும். காலையில் வயலுக்குப் போன ஆள் மாலைக்குள் இறந்துபோவது இப்படித்தான். கொல்வது கிருமி அல்ல, வறட்சி.

ஆனால் அந்த நச்சு ஒன்றை மட்டும் தொடவில்லை. என்ன தெரியுமா? அந்த ஷேர் ஆட்டோவை! எஸ்.ஜி.எல்.டி.-1 காலராவிலும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் குடல் ஏற்காது. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் நச்சு அடைத்த வாசலில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்த்துக் கொடுத்தால்? எதிரி பூட்ட மறந்த வாசல் வழியே உள்ளே போகும், தண்ணீரும் கூடவே போகும். 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் மருத்துவர்கள் நோயாளிகளுக்கு இப்படி வாய்வழியே கொடுத்து, நரம்பு வழியாக ஏற்றவேண்டிய நீரின் தேவை ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிடுகிறது என்று லான்செட் இதழில் காட்டினார்கள். பெரும்பாலான மருத்துவர்கள் நம்பவில்லை. பாட்டிலும் ஊசியும் இல்லாமல் காலராவா என்றார்கள்.

பிறகு வந்தது 1971. வங்கதேசப் போர். சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லைக்குப் பக்கத்தில் பன்காவ் என்ற ஊர். மழை, சேறு, முகாம், காலரா. அங்கே அனுப்பப்பட்ட டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்ன பார்த்தார்? ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. ஊசி போடத் தெரிந்த கைகளும் போதவில்லை. அவர் ஒரு முடிவு எடுத்தார். கல்கத்தாவில் குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று லிட்டர் கணக்கில் எடை போட்டுப் பைகளில் அடைத்துக் கொண்டுவந்து, முகாமில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார். கொடுக்க நர்ஸ் இல்லை. அதனால் நோயாளியின் தாயும் தகப்பனும் அக்காவும் தம்பியும் டம்ளரில் பிடித்து வாயில் ஊற்றினார்கள். அதற்கு முன் 100 பேருக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 3.6 ஆகக் குறைந்தது.

1978-இல் லான்செட் இதழ், சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகப் போகின்றன என்ற இந்தக் கண்டுபிடிப்பு அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று தலையங்கத்தில் எழுதியது. டாக்டர் மகாலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டபோது அதை வாங்க அவர் இல்லை.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய், ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் தாய்மார்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். எழுத்துத் தெரியாத பெண்களின் விரலையே தராசாக ஆக்கினார்கள்.

தோழர்களே, இதெல்லாம் பழைய கதைதானே என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இன்றும் ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கும் அதிகமான ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். ஆகவே பேச்சோடு நின்றுவிடாமல், வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் சவ்வில் இருக்கிறது.

முதலாவது, அளவு. இப்போதைய ஓ.ஆர்.எஸ். கலவையை உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்தி அமைத்தது. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். சோடியமும் குளுக்கோஸும் எண்ணிக்கையில் சமம். கடையில் ஒரு லிட்டர் பொட்டலமும் வருகிறது, 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் வருகிறது. பொட்டலத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதைப் படித்துக் கரையுங்கள். லிட்டர் பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி ஒரு டம்ளரில் கலக்குவது ஆபத்து. கலவை திக்கானால், மாங்காய் ஜாடி மாதிரி, உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும்.

இரண்டாவது, அதே காரணத்தால் கூல் டிரிங்க் வேண்டாம். அதில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல்கூடச் சர்க்கரை இருக்கிறது, உப்பு ஏறக்குறைய இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏற ஆள் இல்லாமல் சர்க்கரை குடலிலேயே நின்று, தண்ணீரை வெளியே இழுக்கும். பேதி கூடும். கலர் கலராக டப்பாவில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் விஷயமும் இதுதான். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் தொடர்ந்து போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உரிய கலவை இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. இளநீர் நல்லதுதான்; ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. தாகத்துக்குக் குடிக்கலாம், ஓ.ஆர்.எஸ். இருக்கும்போது அதற்குப் பதில் ஆகாது.

மூன்றாவது, "தண்ணி குடுக்காதே, குடுத்தா இன்னும் போகும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. குழந்தையிடம் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் சண்டைக்குப் போகாமல் இந்த வாசல் கதையைச் சொல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்துகிற மருந்து அல்ல. குடித்த பிறகும் போகும். போவதைவிட உள்ளே வருவது அதிகமாக இருந்தால் போதும், குழந்தை பிழைத்துக்கொள்ளும். குடல் உட்சுவரின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை தாமாகவே புதிதாகிவிடும். புதுச் செல் வரும்வரை வறட்சி வராமல் காப்பதுதான் நம் வேலை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை கழிந்த பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. அரிசி மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து குளுக்கோஸ் ஆகிறது. அதனால் கலவை திக்காகாமல் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். கண் குழி விழுந்தால், உச்சிக்குழி உள்வாங்கினால், குழந்தை துவண்டு குடிக்க மறுத்தால், ரத்தம் கலந்து போனால், வீட்டு வைத்தியம் போதாது, உடனே ஆஸ்பத்திரி.

இங்கே என் வயதுக்காரர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்! அவர்களுக்கு ஒரு செய்தி. எஸ்.ஜி.எல்.டி.-1-க்கு ஒரு தம்பி உண்டு, எஸ்.ஜி.எல்.டி.-2. அது சிறுநீரகத்தில் இருந்துகொண்டு, சிறுநீரில் போகவேண்டிய சர்க்கரையைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் அந்த வாசலைத்தான் அடைக்கின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய ஃப்ளோரிசின் என்ற பொருளை 1835-லேயே ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பேரனுக்கு அண்ணன் வாசலைப் பயன்படுத்துகிறோம், தாத்தாவுக்குத் தம்பி வாசலை மூடுகிறோம். இரண்டும் சவ்வுப் பாடம்தான்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. சம்பு நாத் டே முயல் குடலைப் பார்த்தார். கிரேன் சர்க்கரையைப் பார்த்தார். ஸ்கூ நண்டு நரம்பைப் பார்த்தார். ஒருவர் வேலை மற்றவருக்கு உதவும் என்று அன்று யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் பன்காவ் முகாமில் ஒரு தாய் டம்ளரைப் பிடித்தபோது இத்தனை பேரும் அந்த டம்ளருக்குள் இருந்தார்கள் என்றால் மிகையாகாது. "இதைப் படிச்சு என்ன சார் ஆகப்போகுது?" என்று கேட்பதற்கு முன் இதை ஒரு நிமிடம் நினையுங்கள். பரீட்சைக்குப் படம் வரையும்போது அந்த உருளைக்கிழங்குப் புரதத்தைக் கொஞ்சம் மரியாதையோடு வரையுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும் மாணவர்களிடம் ஆளுக்குப் பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், ஒரு லிட்டர் அளவுள்ள ஒரு சொம்பும் கொடுத்து அனுப்புவோம். கொடுத்துவிட்டு வராமல், ஒவ்வொரு வீட்டிலும் தாயையே தன் கையால் கரைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வரட்டும். செலவு பெரிதல்ல. பொட்டலத்துக்கான தொகையை நான் தருகிறேன். சொம்புக்கு நீங்கள் முன்வாருங்கள்.